‘அடியோடு’ என்று ஒரு சொல்

எங்கள் தேர்வுப் பிரிவை அடுத்த மாதம் மூடுகிறார்கள். இனிமேல் கேள்விகளைக் கணினியே பொறுக்கிக் கொடுக்கும், கணினியே திருத்தும். அதையொட்டி ஒரு சின்ன மலர் போடுகிறோம், பழைய ஆட்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று இப்போது அங்கே வேலை பார்க்கிறவர்கள் கேட்டார்கள். “நல்லதா எழுதுங்க மேடம், வம்பு எதுவும் வேணாம்” என்று போனில் ஒருத்தி இரண்டு தடவை சொன்னாள். வம்பைக் கழித்துவிட்டால் என் இருபத்தெட்டு வருஷத்தில் வருகைப் பதிவேடுதான் மிஞ்சும். அதனால் வம்போடு சேர்த்தே எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் ஸ்டெல்லா. ராயபுரத்துக்காரி. எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஒரு நீளமான சாலையின் முனையில் பஸ் ஸ்டாப், கோடியில் எங்கள் தொழிற்சாலை. அங்கே தட்டச்சராகச் சேர்ந்தேன். தொழிலாளர்கள் எழுத்தர் பதவிக்கு உயர ஒரு துறைத் தேர்வு உண்டு. அதற்கான வினாத்தாளைத் தட்டுவது என் வேலை.

அந்தத் தேர்வில் ‘வாதங்கள்’ என்று ஒரு பகுதி வரும். ஒரு கேள்வி கொடுத்து, அதற்கு ‘ஆம்’ என்று ஒரு காரணம், ‘இல்லை’ என்று ஒரு காரணம் கொடுத்திருப்பார்கள். எந்த வாதம் வலுவானது, எது வலுவற்றது என்று சொல்ல வேண்டும். நான் சேர்ந்த மூன்றாம் மாதம் தட்டிய ஒரு கேள்வி: பள்ளிகளில் சீருடை கட்டாயம் வேண்டுமா? ஆம், சீருடையில் குழந்தைகள் அழகாக இருப்பார்கள். இந்த வாதம் வலுவானது என்று விடைக்குறிப்பில் இருந்தது. நான் ஓரத்தில் பென்சிலால் ‘இது எப்படி வலு?’ என்று எழுதினேன். அழிக்க மறந்துபோனேன்.

மறுநாள் தேர்வு அதிகாரி ஞானசேகரன் சார் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே போய் நின்றேன்.

“இது உங்க கையெழுத்தாம்மா?”

“ஆமாம் சார்.”

“மூணு வருஷமா இந்தக் கேள்வி ஓடிக்கிட்டிருக்கு. முந்நூறு பேராவது எழுதியிருப்பான். ஒருத்தனும் கேட்கலை.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழுதின ஆள் நான்தான்.”

அடுத்த வாரம் தட்டச்சு மேசையிலிருந்து கேள்வி எழுதும் மேசைக்கு மாறினேன். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

ஞானசேகரன் சார் மணலி புதுநகரிலிருந்து வருவார். யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. கொட்டாவி விடுவார். ஒரு வாதத்தை அவரிடம் கொண்டுபோனால் வாய்விட்டு ஒருமுறை படிப்பார். பிறகு, “சரிம்மா, உண்மைன்னே வெச்சுக்குவோம். அதனால?” என்பார். அந்த ‘அதனால’வுக்குப் பதில் இருந்தால் வாதம் வலுவானது. இல்லையென்றால் அதற்குள் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். வேண்டுமென்று விடுகிறாரா, தானாக வருகிறதா என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. கேள்வி எழுதிய பேப்பரோடு அவர் முன்னால் நின்று அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

வினாத்தாளின் முதல் பக்கக் குறிப்பும் அவர் எழுதியதுதான். வாதம் உண்மையா பொய்யா என்று ஆராயாதே, உண்மை என்று எடுத்துக்கொள். அது கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறதா என்று பார். சொன்ன காரணம் முக்கியமானதா என்று பார். ‘மற்றவர்கள் செய்கிறார்கள்’, ‘இதுவே வழக்கம்’ என்பது மட்டுமே காரணமென்றால் அது வலுவற்றது. உன் சொந்த விருப்பத்தை வீட்டில் வைத்துவிட்டு வா. இதை இன்னும் கொஞ்சம் அரசாங்க பாஷையில் எழுதியிருந்தார். கீழே தலைமை நிர்வாக அதிகாரியின் கையெழுத்து இருக்கும்.

கேள்வி பிறக்கிற முறையும் கண்டிப்பானது. ஒரு சீட்டில் ஒரு கேள்வி. அதை நாலு பேர் தனித்தனியாக உட்கார்ந்து விடை காண வேண்டும். இரண்டு பேர் எங்கள் பிரிவு. மற்ற இருவர் வெளி ஆட்கள், பெரும்பாலும் உணவுக்கூட மேற்பார்வையாளரும் வாசலில் அனுமதிச் சீட்டு எழுதுகிறவரும். நாலு பேரில் ஒருத்தர் விடை மாறினாலும் கேள்வி செத்தது. சீட்டின் மூலையைக் கிழித்துவிடுவோம். நாலும் ஒத்துப்போனால் நாலு பேரும் கையெழுத்துப் போட்ட சீட்டு பீரோவுக்குப் போகும். அதன் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது.

இந்த வேலை வீட்டுக்கு நல்லதல்ல. என் கணவர் அந்தோணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒருநாள் பெரிய டி.வி. வாங்கலாம் என்றார். ஏன் என்றேன். “எதிர் வூட்ல வாங்கிட்டாங்க.” வலுவற்றது என்றேன். “ஆபர் போட்டுகீறான்.” வலுவற்றது. “எனுக்கு ஆசையா கீது ஸ்டெல்லா.” விருப்பம் மட்டும் காரணமானால் வலுவற்றது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “நீ தூரத்துல குந்திகினு பாக்கலாம், என் பக்கத்துல குந்த வேணாம்” என்றார். அது வலுவாக இருந்தது. வாங்கினோம்.

இனி வம்புக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்பு. தொழிற்சாலைக்கே சொந்தமான அந்தச் சாலையின் இரு பக்கமும் காசிமேட்டிலிருந்து வரும் பெண்கள் மீன் விற்பார்கள். ஷிப்ட் விடும் நேரத்தில் வாசலை ஒட்டி நல்ல கூட்டம் இருக்கும். எப்போதும் பூங்கா, நூலகம் என்று எழுதி எனக்கே அலுத்துப்போயிருந்தது. நம் வாசலையே கேள்வியாக்கினால் என்ன என்று ஒரு குறும்பு தோன்றியது. எழுதினேன்.

‘தொழிற்சாலைச் சாலையில் மீன் விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டுமா? வாதம் ஒன்று: ஆம். வாசலில் கூட்டம் சேர்வதால் தீயணைப்பு வண்டி உள்ளே வரத் தாமதமாகும். வாதம் இரண்டு: இல்லை. அங்கே விற்கும் மீன் மிகவும் ருசியானது.’

நாலு பேரும் சிரித்துக்கொண்டே விடை எழுதினார்கள். முதல் வாதம் மட்டும் வலுவானது. நாலு கையெழுத்தும் விழுந்தது.

வினாத்தாளைக் கடைசியாகத் தட்டும்போது ‘கட்டுப்படுத்த வேண்டுமா’ என்பது எனக்குச் சப்பென்று இருந்தது. உப்பில்லாத குழம்பு மாதிரி. அதை எடுத்துவிட்டு ‘அடியோடு தடை செய்ய வேண்டுமா’ என்று போட்டேன். படித்துப் பார்த்தேன். கம்பீரமாக இருந்தது. பீரோவைத் திறந்து சீட்டைத் திருத்தவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அதுதான் கேள்வி எண் முப்பத்தேழு.

தேர்வு முடிந்து முடிவுகளையும் விடைக்குறிப்பையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். ஆட்சேபம் இருந்தால் மூன்று நாளுக்குள் எழுதித் தரலாம். இரண்டாம் நாள் ஸ்டோர்ஸ் பிரிவிலிருந்து தேவகி என்ற பெண் ஒரு தாளோடு வந்தாள். வியாசர்பாடிக்காரி, வயது முப்பத்தைந்து இருக்கும். ஏழு வருஷமாக உதவியாளர். ஒரு மதிப்பெண்ணில் தேர்ச்சி போயிருந்தது.

“மேடம், முப்பத்தேழு தப்பு. ரெண்டுமே வீக்கு.”

“மொதல் வாதம் எப்படிம்மா வீக்கு? தீயணைப்பு வண்டி வர முடியாதுன்னா அது முக்கியமில்லையா?”

“முக்கியந்தான். யாரு இல்லேன்னா? ஆனா கேள்வி இன்னா கேக்குது? ‘அடியோடு’ன்னு கேக்குது. கூட்டம் எங்க கீது? கேட்டாண்ட கீது. ரோடு எம்மாம் நீளம்? அந்தம்மாங்கள பஸ் ஸ்டாப்பாண்ட தள்ளிக் குந்த சொன்னா வண்டி ஜோரா வந்துட்டுப் பூடும். அப்பால இன்னாத்துக்கு அடியோடு தட? வாதம் கேட்டப் பத்திப் பேசுது, கேள்வி ரோட்டப் பத்திப் பேசுது. நேரா பதில் சொல்லல மேடம்.”

அவள் சொன்னது சரி. அந்த ஒற்றைச் சொல்லை நான் போடாமலிருந்தால் அவள் சொன்னது தவறு. “குழு விசாரிக்கும்” என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டேன். அன்றிரவு பெரிய டி.வி.யில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது.

விசாரணை நடந்த அறையில் நாலு பேர். தலைமை நிர்வாக அதிகாரி பத்மநாபன் சார். பக்கத்தில் ஞானசேகரன் சார். குறிப்பெடுக்க நான். எதிரே நாற்காலி நுனியில் தேவகி, கையில் வினாத்தாளின் முதல் பக்கம்.

பத்மநாபன் சார் ஆட்சேபத்தைப் படித்தார். அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனால் இன்னொரு கணக்கும் அவருக்குத் தெரியும். விடையை ‘இரண்டும் வலுவற்றவை’ என்று மாற்றினால் ஏற்கெனவே தேறிய ஒன்பது பேர் ஒரு மதிப்பெண் குறைந்து விழுவார்கள்.

“இங்க பாரும்மா, கேள்வியை ரத்து பண்ணி எல்லாருக்கும் ஒரு மார்க் போட்டுடறேன். நீயும் பாஸ். யாருக்கும் நஷ்டமில்லை. சந்தோஷமாப் போ.”

“எல்லாருக்கும் இன்னாத்துக்கு சார்? நான் எழுதுனது கரீட்டுன்னா கரீட்டுன்னு போடுங்க. தப்புன்னா தப்புன்னு போடுங்க. ஓசி மார்க்கு வாணாம்.”

“மாத்தினா ஒன்பது பேர் பெயில் ஆவாங்கம்மா.”

தேவகி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “அது ஒம்போது பேரப் பத்தின விஷயம் சார். கேள்வி இன்னா? விட சரியா தப்பா. நேரா பதில் சொல்லல. வீக்கு.”

நான் குறிப்பேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

“இந்தப் பிரிவு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து விடைக்குறிப்பை மாத்தினதே இல்லை.”

“வழக்கம்னு மட்டும் சொன்னா வீக்கு. இதோ கீது பாருங்க, நாலாவது வரி.”

“பெரிய பெரிய போட்டித் தேர்வுலயே ரத்துதான் பண்றாங்க!”

“மத்தவங்க செய்றாங்கன்னு சொன்னாலும் வீக்கு. அதே வரிதான் சார். கீழ நீங்கதான் கையெழுத்துப் போட்டுகீறீங்க.”

அந்த நேரம் பார்த்து ஞானசேகரன் சாருக்குக் கொட்டாவி வந்தது. கையால் மறைத்தும் அடங்கவில்லை. பத்மநாபன் சாரின் காது சிவந்தது. அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, தன்னிடமிருந்த துருப்புச் சீட்டை இறக்கினார்.

“நாலு பேர் தனித்தனியா உட்கார்ந்து சரிபார்த்த கேள்வி இது. ஒருத்தருக்கொருத்தர் பேசாம நாலு பேரும் ஒரே விடை எழுதியிருக்காங்க. அதுல நம்ம வாசல்ல அனுமதிச் சீட்டு எழுதுற ஆளும் ஒருத்தர். அவங்க நாலு பேரும் தப்பு, நீ ஒருத்தி சரியா?”

தேவகி தாளைப் புரட்டினாள், இதற்கு அங்கே வரி எதுவும் இல்லை. என்னைப் பார்த்தாள்.

“நாலு பேரு பாத்தாங்களா மேடம்?”

நான் குறிப்பேட்டின் பக்கத்தைப் புரட்டினேன்.

“அப்டீன்னா எனுக்குத்தான் வெளங்கல போலகீது” என்று தாளை மடிக்கத் தொடங்கினாள். கோபமில்லை, அழுகையில்லை. நம்பிவிட்டாள். நாலு பேர் ஒழுங்காகப் பார்த்திருப்பார்கள், நாங்கள் ஒழுங்காக நடந்திருப்போம் என்று அவள் நம்பியது எனக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் ஒருவேளை நான் பேசாமல் இருந்திருப்பேன்.

“அவங்க பாத்தது இந்தக் கேள்வி இல்ல சார்” என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

“‘கட்டுப்படுத்த’ன்னு இருந்துச்சு. ‘அடியோடு தடை செய்ய’ன்னு நான் மாத்தினேன். நாலு பேரும் கையெழுத்துப் போட்டதுக்கப்புறம். சீட்டு பீரோவுல இருக்கு.”

ஞானசேகரன் சார் எழுந்து போய்ச் சீட்டை எடுத்துவந்தார். வினாத்தாளின் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சரிம்மா, உண்மைன்னே வெச்சுக்குவோம். அதனால?”

“அதனால, அச்சான கேள்விக்கு தேவகி எழுதினதுதான் சரியான விடை.”

அவருக்குக் கொட்டாவி வரவில்லை. பத்மநாபன் சார் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். கடைசியில் திருத்திய விடைக்குறிப்பில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தார். தேவகி தேறினாள். போகும்போது என் மேசையருகே நின்று, “இன்னா மேடம், நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு நோண்டுனீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஒன்பது பேர் சும்மா விடவில்லை. மறுநாள் பஸ் ஸ்டாப்பில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் காவலாளி பாபு, “மேடம், பாஸுன்னு சொல்லி வூட்ல பிரியாணி போட்டு, கொருக்குப்பேட்டைலேர்ந்து மாமனார் வரைக்கும் வந்து துன்னுட்டுப் பூட்டாரு. இப்ப நான் இன்னான்னு சொல்ல?” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவர்களுக்கு எந்தத் தவறும் இல்லை, தவறு என்னுடையது, மறுதேர்வு வையுங்கள் என்று நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் வைத்தார்கள். ஏழு பேர் தேறினார்கள். பாபுவும் தேறினான். இரண்டு பேர் தேறவில்லை. அவர்கள் நான் ஓய்வு பெறும்வரை என்னோடு பேசவில்லை, அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. முதல் வரைவில் வேலைப்பளு என்று எழுதினேன். இரண்டாவதில் நேரமின்மை. மூன்றாவதில் பணிமூப்பு, இதுவரை குற்றமற்ற சேவை. எழுதி முடித்துப் படித்தால் எனக்கே கொட்டாவி வந்தது. கடைசியில் ஒரே வரி எழுதினேன்: ‘வாக்கியம் எடுப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.’ ஞானசேகரன் சார் அதன் கீழே ‘நம்பத்தக்கது’ என்று எழுதி மேலே அனுப்பினார். ஒரு வருஷம் கேள்வி எழுதக் கூடாது, விடை காணும் நாலு பேரில் ஒருத்தியாக மட்டும் உட்கார வேண்டும் என்று உத்தரவானது. இன்னொரு நாற்காலிக்கு ஸ்டோர்ஸ் எழுத்தர் தேவகியைப் போடச் சொன்னேன். அவள் முதல் வாரத்திலேயே பதினோரு கேள்விகளைக் கொன்றாள்.

அந்த வருஷம் முடிவதற்குள் பத்மநாபன் சார் உண்மையாகவே ஒரு சுற்றறிக்கை போட்டார். தொழிற்சாலைச் சாலையில் மீன் விற்பது அடியோடு தடை செய்யப்படுகிறது. காரணம், வாசலில் கூட்டம், தீயணைப்பு வண்டிக்குத் தாமதம். சத்தியமாக என் வாக்கியம், வார்த்தை மாறாமல்.

அன்று மாலை ஷிப்ட் விடும்போது வாசலில் முப்பது பெண்கள் கூடையோடு நின்றார்கள். முன்னால் கன்னியம்மா, அந்தச் சாலையில் இருபது வருஷமாக விற்பவள். மூன்று பெண் பிள்ளைகளை அந்தக் கூடை வருமானத்தில்தான் படிக்க வைத்தாள். பத்மநாபன் சாரின் கார் வெளியே வர முடியவில்லை. இறங்கினார். நான் கூட்டத்தின் பின்னால் குடையை விரித்துக்கொண்டு ஒளிந்து நின்றேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

கன்னியம்மா இடுப்பிலிருந்து ஒரு நகல் தாளை எடுத்து நீட்டினாள். “சார், இது ஒங்க கையெழுத்தா?”

திருத்திய விடைக்குறிப்பு. முத்திரையோடு. கேள்வி எண் முப்பத்தேழைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். வாசல் கதவருகே, இப்போது எழுத்தராகிவிட்ட பாபு, சட்டைப்பையில் சிவப்புப் பேனாவோடு மிகத் தீவிரமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என் கையெழுத்துதான். அதுக்கு என்ன?”

“இதுல எங்கள அடியோடு தட பண்றதுக்கு சொன்ன காரணம் வீக்குன்னு போட்டுகீதாமே. படிச்சவங்க சொன்னாங்கோ.”

“அது பரீட்சைக் கேள்விம்மா!”

“அப்ப பரீட்சைக்கு ஒரு நாயம், எங்குளுக்கு ஒரு நாயமா சார்?”

ஷிப்ட் முடிந்து வந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். பத்மநாபன் சார் தாளைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார், நீளமான சாலையைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, “பஸ் ஸ்டாப்புக்குத் தள்ளி உட்காருவீங்களா?” என்று கேட்டார்.

“நெழலு கீதா அங்க?”

“தகரக் கொட்டகை போடச் சொல்றேன்.”

“அத்த எழுதிக் குடு சார். கையெழுத்து போடு.”

காரின் மேலேயே தாளை வைத்து எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் கொட்டகை வந்தது. வாசல் காலியாயிற்று.

என் தண்டனை வருஷம் முடிந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார். “ஸ்டெல்லா, நீங்க மறுபடி எழுதலாம். ஆனா நம்ம கேட்டு, நம்ம ரோடு, நம்ம ஆளுங்க, எதுவும் வேண்டாம். எங்கேயாவது தூரமா எழுதுங்க.”

தூரமாக எழுதினேன். பனிமலைக் கிராமம் ஒன்றுக்கு ரோப் கார் தேவையா என்று ஒரு கேள்வி. தேவகி ஒரு நிமிஷத்தில் விடை எழுதிச் சீட்டை நீட்டினாள்.

“கரீட்டா கீது மேடம். ஆனா சண்ட போட ஒண்ணுமே இல்லியே இதுல.”

அந்தச் சீட்டின் மூலையை நானே கிழித்தேன். விடை காண்பவர் கேள்வி எழுதும் இடத்தில் இருக்கக் கூடாது என்பது விதி, வெளியே போ என்று அவளை அனுப்பிக் கதவைச் சாத்தினேன். புதுச் சீட்டு ஒன்றை எடுத்து, ‘தொழிற்சாலை உணவுக்கூடத்தில் அதிகாரிகளும் வரிசையில் நிற்க வேண்டுமா?’ என்று எழுதினேன். முதல் வாதத்தை எழுதுவதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.